சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் டாக்டர் சாந்தா அம்மையாரை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

செங்கற்பட்டு ஆசிரியை:
என் தாயாருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியானபோது நோய் ஏற்கெனவே முற்றியிருந்தது. அதற்கு முன் நாங்கள் அலைந்த இடங்களைப் பற்றி எழுதப் போவதில்லை. 'அடையாறுக்குக் கொண்டுபோங்கள்' என்று ஒரு மருத்துவர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். வெள்ளைப்படுதலின் வாடை பிறருக்குத் தெரிந்துவிடும் என்று பல மாதங்களாக ஒதுங்கியே இருந்த என் தாயார், வார்டில் படுத்திருந்தபோதும் சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து இடுப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார். நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் வாசற்படியோடு நின்று பேசிவிட்டுப் போனவர்கள். எண்பது வயதை நெருங்கிய சாந்தா அம்மையார் சுற்றிவந்தபோது கட்டிலை ஒட்டி நின்று, குனிந்து, என் தாயாரின் கையைத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். இழுத்துப் பிடித்திருந்த சேலைத் தலைப்பை என் தாயார் அப்போது விட்டுவிட்டார். அந்தக் கை தளர்ந்ததை நான் இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் கட்டிய அந்த மருத்துவமனையில் இப்படி ஒரு கணத்தைக் கண்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

கும்பகோணம் வாசகர்:
என் தம்பிக்கு ஏழு வயதில் இரத்தப் புற்றுநோய். முதுகுத் தண்டில் ஊசி போட வேண்டும் என்பதால் அவனை இறாலைப் போல வளைத்துப் பிடித்துக்கொள்ளும் வேலை ஒவ்வொரு முறையும் என் தந்தையாருக்கு வாய்த்தது. வெளியே வந்ததும் அவர் தம் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு முறை அந்த நடைவழியில் வந்த சாந்தா அம்மையார், தந்தையாரிடம் எதுவும் கேட்காமல், தம்பியின் முடியில்லாத தலையைத் தடவிவிட்டுச் சற்று நேரம் நின்றார். குழந்தைகளின் புற்றுநோய்க்கென்று 1960இலேயே தனிப் பிரிவு தொடங்கிய இடம் அது. எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை நெறிமுறை மும்பை, சென்னை, டெல்லி ஆகிய மூன்று நகரங்களின் மருத்துவமனைகளில் பின்பற்றப்பட்ட பிறகுதான் இந்த நோயிலிருந்து மீளும் குழந்தைகளின் எண்ணிக்கை நம் நாட்டில் கண்கூடாக உயர்ந்தது. தம்பிக்கு இப்போது இரண்டு பெண் குழந்தைகள்.

மயிலாப்பூர் முதியவர்:
ஆசிரியை அம்மையார் வருந்த வேண்டாம். ஆனால் ஒன்றைத் திருத்தியாக வேண்டும். அந்த மருத்துவமனையை நிறுவியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தம் தங்கை புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட அவர், இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு பல ஆண்டுகள் நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் சிகிச்சை தொடங்கியது. சாந்தா அம்மையார் அங்கே சேர்ந்தது 1955 ஏப்ரலில். அரசுப் பணித் தேர்வில் வென்று, எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் வேலை கையில் இருந்தபோது, பெரியோர் பலர் தடுத்தும் அதை விட்டுவிட்டு வந்தார். நிறுவியவர் ஒருவர், வளர்த்தவர்கள் வேறு இருவர் என்று சொல்வதால் யாருடைய பெருமையும் குறையாது. முத்துலட்சுமி அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தா அம்மையாரும் சேர்ந்து உழைத்த காலம் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல். அந்த வளாகத்துக்குள்ளேயே குடியிருந்தவர் சாந்தா அம்மையார். மகசேசே விருது 2005இலும் பத்ம விபூஷண் 2016இலும் வந்தபோதும் அந்த வாழ்க்கையில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் அவரிடம் பேசியதில்லை. 2021 ஜனவரி 19 அன்று, 93 வயதில் அவர் மறைந்த செய்தி கேட்டுப் பழைய மருத்துவமனைக்குச் சென்றேன். கொரோனாக் காலம் என்பதால் எல்லோரும் முகக்கவசத்துடன் விலகி விலகி நின்றிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் ஆயா அம்மாவின் முகக்கவசம் கண்ணீரில் நனைந்து மூக்கோடு ஒட்டியிருந்தது. மூச்சு முட்டியும் அதைக் கழற்ற அவருக்கு மனம் வரவில்லை. அவர் எத்தனை ஆண்டுகள் அங்கே வேலை செய்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற மாநகராட்சி ஊழியர்:
நான் இறப்புப் பதிவு அலுவலகத்தில் இருந்தேன். சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டின் பணியாளர்கள் எங்கள் பதிவேடுகளைப் புரட்டி, புற்றுநோய் மரணங்களைக் குறித்துக்கொண்டு போவார்கள். 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த அந்தப் பதிவேட்டைப் பல்லாண்டுகள் வழிநடத்தியவர் சாந்தா அம்மையார்தான். இறப்புக்குக் காரணம் 'முதுமை' என்று இருந்த ஒரு பெண்ணின் வரியில் விரலை வைத்துக்கொண்டு, இந்த முகவரிக்குச் சென்று விசாரிக்க வேண்டும் என்று பணியாளர் ஒருவர் முகவரியை எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பத்தொன்பது. நாங்கள் யாரும் கவனிக்காத வரி அது.

படிப்பவர்களுக்கு, கேட்காமலே சிலவற்றைச் சொல்கிறேன். மார்பில் வலியில்லாத கட்டி இருந்தால், வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. மாதவிலக்கு நின்ற பிறகு ஒரே ஒரு நாள் இரத்தம் பட்டாலும் மகளிர் மருத்துவரிடம் செல்லுங்கள். வாயில் மூன்று வாரங்கள் ஆறாத புண்ணையும் வெள்ளைத் திட்டையும் காட்டியாக வேண்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார்களையும் அழைத்துச் செல்லுங்கள். சதைப் பரிசோதனைக்குக் கத்தி வைத்தால் நோய் பரவும் என்று சொல்லித் தடுப்பவர்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள், அது உண்மையல்ல. கருப்பை வாயில் வினிகர் போன்ற அமிலக் கரைசலைத் தடவிப் பார்க்கும் எளிய சோதனை, முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே செய்யப்படுகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண் குழந்தைகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை ஒன்பது வயதிலிருந்து பதினான்கு வயதுக்குள் போட்டுவிடுங்கள். பிற்காலத்தில் சாந்தா அம்மையார் மேடையேறிய இடங்களில் எல்லாம் வற்புறுத்தியது, முன்கூட்டியே கண்டறிந்தால் புற்றுநோய் குணமாகும் என்பதைத்தான்.

செங்கற்பட்டு ஆசிரியை:
மயிலாப்பூர் ஐயாவின் திருத்தத்தை ஏற்கிறேன். ஆனால் ஓய்வுபெற்ற ஐயாவிடம் ஒன்று சொல்ல வேண்டும். என் தாயாருக்கு அறிகுறி தெரியாமல் இல்லை. யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. 'இது பெண்களுக்கு வருவதுதான்' என்று அவர் வாயை அடைத்தவர்களும் பெண்களே. எங்கள் பள்ளியில் இப்போது தாய்மார்கள் கூட்டத்தின்போது ஆண்களை வெளியே அமரச் சொல்லிவிட்டுக் கிராமச் செவிலியரை அரை மணி நேரம் பேச வைக்கிறோம். முதல் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு சமையல் கூடத்தின் பக்கம் இரண்டு பேர் செவிலியரைத் தனியாக அழைத்துப் போனார்கள்.