கண்ணாடித் தூள் கலந்த கட்டுமானக் கல்: போட்டுப் பார்த்தவங்க சொல்லுங்க

குடியாத்தத்திலிருந்து:

நாங்க போட்டது சூளைக்கல் இல்ல, சுடாத மண்கல். செம்மண், மணல், 5, 6 சதவீதம் சிமென்ட் கலந்து, ஆரோவில்ல வடிவமைச்ச ஆரம் பிரஸ்ங்கற மெஷின்ல கையால அழுத்தி எடுக்கறது. பாலாத்துல மணல் அள்ளி அள்ளி ஆறே பள்ளமாயிடுச்சு. இனி அந்த மணலைக் கேட்கவே எனக்கு மனசு வரல. ஏரிக்கரையிலயோ காலி பாட்டிலும் ஒடஞ்ச பாட்டிலும் குவிஞ்சு கெடக்கு. அதனால மணல்ல ஒரு பங்கைக் குறைச்சு கண்ணாடி சேர்த்தோம்.

இதுல எல்லாமே அரைப்புலதான் இருக்கு. பாட்டிலைச் சம்மட்டியால ஒடச்சு, மணல் சல்லடையில சலிச்சுப் போட்டா கல் அப்போதைக்கு அழகா இருக்கும். ஆனா சிமென்ட்டில இருக்கிற காரம் கண்ணாடியோட சிலிக்காவை அரிச்சு ஒரு பசை உண்டாக்கும். அது ஈரத்தை இழுத்து உப்பும், நாள்பட்டு வெடிப்பு விடும். அதே கண்ணாடியை 75 மைக்ரானுக்குக் (0.075 மி.மீ.) கீழ அரைச்சா கதையே வேற: சிமென்ட் விடற சுண்ணாம்போட சேர்ந்து தானே இறுகும். ராணிப்பேட்டை பக்கம் ஒரு பால் மில்லுல (குண்டு போட்டு உருட்டி அரைக்கற மில்) கொடுத்து அரைச்சோம். விரல்ல தேய்ச்சா முகப் பவுடர் மாதிரி இருந்தது, நறநறப்பே இல்ல.

பாட்டிலைக் கழுவித்தான் அரைக்கணும். இனிப்பு சோடா ஒட்டியிருந்தா அந்தச் சர்க்கரை சிமென்ட்டை இறுக விடாது. கல்லைக் காயவெச்சு ஒடச்சுப் பார்த்துத் திருப்திப்படாதீங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு ஒடைங்க. மண்கல்லுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1725 கேட்கறதும் அந்த ஈரபலம்தான்.

கே.வி.குப்பத்திலிருந்து:

எங்களுது சூளை. ஏரி வண்டல்ல கண்ணாடித் தூளைச் சேர்த்து அறுத்தோம். சாதாரண பாட்டில் கண்ணாடி 700 டிகிரிக்கு மேல இளகிடும். சூளைக்குள்ள அது உருகி மண்ணோட சந்துகளை அடைச்சுக்குது. பிரிச்சப்ப கல்லைத் தட்டினா கணீர்னு சத்தம், தண்ணி குடிக்கறதும் குறைஞ்சிருந்தது. ஆனா விறகு வாய்க்குப் பக்கத்து வரிசையில கல்லு கல்லோட ஒட்டிக்கிச்சு, கடப்பாரை வெச்சுத்தான் பேர்த்தோம். தூள் அதிகமானா கல் கோணும். பத்துல ஒரு பங்குக்கு மேல நான் போட மாட்டேன்.

ஆரணியிலிருந்து:

கல் அறுக்கறவங்களைப் பத்தி யாரும் சொல்லலையே. எங்க அத்தையும் மாமாவும் வெறுங்காலால மண்ணு மிதிச்சு, வெறுங்கையால அச்சுல அடிக்கறவங்க. அந்த மண்ணுல ஒரு சில்லு இருந்தாலும் கை கிழியும், கால் கிழியும். தூளை எங்க பக்கம் கோணி அவிழ்த்துக் கொட்டினப்ப காத்துல பறந்து அத்தைக்கு ராத்திரி பூரா இருமல். இப்போ கோணிக்குள்ளயே தண்ணி ஊத்தி நனைச்சுட்டுத்தான் கொட்டறாங்க. மூக்குக்கு மாஸ்க், கையில ரப்பர் கிளவுஸ். சல்லடையில ஒரு தடவை சலிச்சு, மேல நிக்கற சில்லைத் திரும்ப மில்லுக்கே அனுப்பணும்னு மாமா பிடிவாதமா இருக்கார். அதுக்கான கூலியைக் கல்லு விலையில சேர்த்துக் கேளுங்க, வாங்கறவங்க கொடுக்கத்தான் வேணும்.