கிதாரும் பியானோவும் ஒரே குவார்டெட்டில் மோதாமல் இருப்பது எப்படி? – வெஸ் மாண்ட்கோமரியின் 1960 பதிவை முன்வைத்து

ஆறுதந்தி எழுதியது:

வணக்கம். அமெரிக்க ஜாஸ் கிதார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரி 1960 ஜனவரி 26, 28 ஆகிய நாள்களில் நியூயார்க்கில் ரிவர்சைடு நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘தி இன்கிரெடிபிள் ஜாஸ் கிதார்’ ஆல்பத்தைக் கொஞ்ச காலமாக விடாமல் கேட்டு வருகிறேன். கிதாரில் வெஸ், பியானோவில் டாமி ஃபிளானகன், டபுள் பேஸில் பெர்சி ஹீத், டிரம்ஸில் அவருடைய தம்பி ஆல்பர்ட் ஹீத் என நால்வர்தான். ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கக்கூடிய வாத்தியங்கள் இரண்டு இருந்தும் எந்த இடத்திலும் நெரிசல் தெரியவில்லை. நாங்கள் நண்பர்கள் நால்வர் இதே அமைப்பில் வாசித்துப் பழகுகிறோம். நானும் பியானோக்காரரும் ஒன்றாகக் கார்ட் (பல ஸ்வரங்களின் கூட்டொலி) வாசிக்கத் தொடங்கியதுமே ஒலி கலங்கிப்போகிறது. ஃபிளானகனும் வெஸ்ஸும் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதைக் கேட்டு உணர்ந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

கருங்கட்டை எழுதியது:

நல்ல கேள்வி. பியானோ வாசிப்பவன் என்ற முறையில் என் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். கிதாரின் ஸ்வரங்களில் பெரும்பகுதி பியானோவின் நடுப்பகுதியிலேயே விழுகிறது. பியானோக்காரரின் இடது கையும் அங்கேதான் குடியிருக்கிறது. உதாரணமாக ஜி, பி, டி, எஃப் ஸ்வரங்கள் சேர்ந்த ஜி செவன்த் கார்ட் வரும் இடத்தில் பியானோக்காரர் அதன் மேல் ஏ ஸ்வரத்தைச் சேர்க்க, கிதார்க்காரர் அதே கணத்தில் ஏ ஃபிளாட்டைச் சேர்த்தால், இருவரும் தனித்தனியே சரியாக வாசித்திருந்தாலும் அரைச்சுர இடைவெளியில் இரண்டும் உரசிக் காது கூசும். உங்கள் குழுவில் நடப்பது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

ஃபிளானகன் இதற்குக் கண்ட வழி சிக்கனம். ஜி ஸ்வரத்தை பெர்சி ஹீத் கீழே வாசித்துவிடுவதால் பியானோவில் அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. கார்டின் குணத்தை நிர்ணயிக்கும் பி, எஃப் என்ற இரண்டு ஸ்வரங்களைத் தொட்டாலே போதும். அவற்றையும் அவர் தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் வைப்பதில்லை. வெஸ் ஒரு சொற்றொடரை முடித்து மூச்சு விடுகிற இடத்தில் சுருக்கமாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார். ஃபிளானகன் திறமை குறைந்ததால் ஒதுங்கியவர் அல்லர்: சாக்ஸபோன் கலைஞர்களான சோனி ரோலின்ஸ், ஜான் கோல்ட்ரேன் ஆகியோரில், 1956-இல் ரோலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலோசஸ்’, 1959-இல் கோல்ட்ரேன் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ இரண்டிலும் பியானோ பெரும்பாலும் இவருடையதே. கிதாரின் எல்லா ஃபிரட்டும் (தந்தியை அழுத்தும் இடங்கள்) பியானோவின் எல்லாக் கட்டையும் தெரிந்தவர்கள் எதை வாசிக்காமல் விடுகிறார்கள் என்று கவனிப்பதில்தான் இந்த ஆல்பத்தின் பாடமே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நடைபேஸ் எழுதியது:

கருங்கட்டை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் ஹீத் சகோதரர்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கேள்விக்கு முழுமையான விடை கிடைக்காது. பெர்சி ஹீத் 1952 முதல் மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டில் வாசித்தவர். அந்தக் குழுவில் ஜான் லூயிஸின் பியானோவும் மில்ட் ஜாக்சனின் வைப்ரஃபோனும் (உலோகக் கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) அருகருகே இருந்தன. அதாவது நீங்கள் இன்று சந்திக்கும் அதே சிக்கலுக்கு நடுவில் ஆண்டுக்கணக்காக நின்று, மேலே இரண்டு வாத்தியங்கள் பேசிக்கொள்ளும்போது கீழே எவ்வளவு தெளிவான நடை தேவை என்று அறிந்தவர் அவர். கார்டின் அடிச்சுரம் ஐயத்துக்கு இடமின்றிக் கேட்பதால்தான் ஃபிளானகனால் அவ்வளவு குறைவாக வாசிக்க முடிந்தது. ஆல்பர்ட் ஹீத்துக்கு அப்போது 24 வயது. ‘ஏர்ஜின்’ போன்ற வேகமான உருப்படியிலும் சிம்பலின் ஓட்டத்தை மெலிதாகவே வைத்திருக்கிறார். வெஸ் பிக் (தந்தி மீட்டும் சிறு தகடு) இல்லாமல் கட்டைவிரலின் சதைப்பகுதியால் மீட்டுபவர் என்பதால் அவருடைய ஒலியின் தொடக்கம் மிருதுவானது. டிரம்ஸ் சற்று உரத்திருந்தாலும் அந்த மென்மை மறைந்திருக்கும்.

ஆறுதந்தி எழுதியது:

இருவருக்கும் நன்றி. மாடர்ன் ஜாஸ் குவார்டெட்டை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. இன்னொன்றும் கேட்கிறேன். வெஸ் தன் தனி வாசிப்பை (சோலோ) ஒற்றை ஸ்வரங்களில் தொடங்கி, பிறகு ஆக்டேவுக்கும் (ஒரே ஸ்வரம் இரு ஸ்தாயிகளில்) அதன்பின் முழுக் கார்டுகளுக்கும் போகிறாரே, அப்போது பியானோ என்ன செய்ய வேண்டும்?

மெல்லிசைப்பித்தன் எழுதியது:

உங்கள் கேள்விக்கான விடை 1965-இல் வந்த ‘ஸ்மோக்கின் அட் தி ஹாஃப் நோட்’ ஆல்பத்தில் இன்னும் துலக்கமாகக் கிடைக்கிறது. அங்கேயும் நால்வர்தான்: வெஸ்ஸுடன் வின்டன் கெல்லி பியானோ, பால் சேம்பர்ஸ் பேஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். பின்னவர் மூவரும் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்குப் பக்கபலமாக ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாசித்தவர்கள். அந்த ஆல்பத்தின் ஐந்து உருப்படிகளில் இரண்டு மட்டுமே நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் நேரடியாகப் பதிவானவை. மற்ற மூன்றும் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவானவை. நேரடிப் பதிவான ‘நோ ப்ளூஸ்’ உருப்படியில், வெஸ்ஸின் தனி வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கெல்லி பியானோவிலிருந்து கையை முழுவதுமாக எடுத்துவிடுகிறார். பேஸும் டிரம்ஸும் மட்டும் துணையிருக்க, அந்த வெற்றிடம் முழுவதையும் வெஸ் எடுத்துக்கொள்வதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

வெஸ்ஸின் தனி வாசிப்பு படிப்படியாகத் தடிப்பேறும் தன்மை கொண்டது. முதலில் ஒற்றை ஸ்வர வரிகள். அடுத்து, நடுவில் இருக்கும் தந்தியை விரலின் அடிப்பகுதியால் ஊமையாக்கிக்கொண்டு இரண்டு தந்திகளில் ஒரே ஸ்வரத்தை இரு ஸ்தாயிகளில் எழுப்பும் ஆக்டேவ். கடைசியாக நான்கு தந்திக் கார்டுகள். முதல் கட்டத்தில் பியானோவுக்குப் பேச நிறைய இடம் உண்டு. ஆக்டேவ் வரும்போது அது பாதியாகக் குறைகிறது. கார்டுகள் வந்ததும் பியானோ தாளத்துக்கு மட்டும் அங்கங்கே ஓர் அழுத்தம் கொடுத்தால் போதும், அல்லது கெல்லியைப் போல விலகி நிற்கலாம். எல்லா உருப்படிகளும் இந்த ஏறுவரிசையை அப்படியே பின்பற்றுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஃபோர் ஆன் சிக்ஸ்’ இரண்டு ஆல்பங்களிலும் இருக்கிறது. முதலில் 1960 பதிவைக் கேட்டு, பிறகு 1965 பதிவைக் கேளுங்கள். இரண்டு முறையும் கிதாரை விட்டுவிட்டுப் பியானோவை மட்டும் பின்தொடருங்கள். ஃபிளானகன் ஓரமாக நின்று வழிவிடுகிறார். கெல்லியோ துள்ளலோடு இடையிடையே பதில் சொல்கிறார். இரண்டுமே சரியான வழிகள்தான். உங்கள் நண்பருக்கு இயல்பாக வருவது எது என்று பார்த்து, அடுத்த பயிற்சியின்போது உங்கள் தனி வாசிப்பில் ஒரு முழுச் சுற்று அவரைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். அவருடைய முறை வரும்போது நீங்களும் அதே மரியாதையைக் கொடுங்கள். கிதாரின் ஒலிக்குமிழைக் குறைத்து வைத்துக்கொண்டு தொடர்ந்து கார்ட் வாசிப்பது அதற்கு ஈடாகாது.