புதுப்பிப்பு: பழைய லேப்டாப்பை எடைக்குப் போடவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன், 2010-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, இதில் ஏதாவது விளையாட முடியுமா, இல்லை எடைக்குப் போட்டுவிடலாமா என்று. போடவில்லை. நீங்கள் சொன்னபடி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டினேன், அப்புறம் ஃபேனில் இருந்த தூசியைப் பழைய டூத் பிரஷால் எடுத்தேன் (கம்பளி மாதிரி வந்தது).

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டு நன்றாகவே ஓடுகிறது. எரிக் பரோன் தனி ஆளாக உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. விளையாட்டுக்குள் மழை பெய்யும் நாட்களில் மட்டும் லேசாகத் திக்குகிறது. அண்டர்டேல் விளையாட்டுக்கு இந்த லேப்டாப்பே அதிகம்.

ஆனால் தூக்கத்தைக் கெடுத்தது பிரின்ஸ் ஆஃப் பெர்சியாதான். டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) இளவரசன் மந்தமாக நகர்ந்தால் கன்ட்ரோலும் எஃப்12-உம் சேர்த்து அழுத்துங்கள், வேகம் கூடும், எஃப்11 குறைக்கும். இதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்த அசைவுகள் அவை, 1989 விளையாட்டு என்று நம்பவே முடியவில்லை. விளையாட்டை முடிக்க மொத்தக் கெடு 60 நிமிடம். நான் இன்னும் மூன்றாவது கட்டத்தில் அந்த எலும்புக்கூட்டிடம் வெட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். அது வாளுக்குச் சாகாது, பள்ளத்தில் தள்ள வேண்டும் என்பதே நேற்றுத்தான் புரிந்தது.