உண்டாயிருந்தபோது உடம்பு செய்த மாற்றங்கள்: என் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

எனக்குப் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வாழ்க்கைப்பட்டது பாளையங்கோட்டையில். மகளுக்கு ஒன்றரை வயது ஆகிறது. அவள் வயிற்றில் இருந்த நாட்களில் என் உடம்பு ஏன் அப்படி நடந்துகொண்டது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பின்னால்தான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். இப்போது மாசமாக இருக்கிற தங்கச்சிகளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதமும் தூக்கம்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். அத்தை ஒன்றும் சொல்லமாட்டார்கள். மதினி ஒருநாள், "நாங்கல்லாம் பிள்ள பெறலியா?" என்று கேட்டது மனதில் தைத்துவிட்டது. நான் சோம்பேறி என்று நானே நம்ப ஆரம்பித்தேன். அது புரொஜெஸ்டிரோன் செய்கிற வேலை. கருப்பை சுருங்கிவிடாமல் அதன் தசையைத் தளர்த்தி வைப்பது அந்த ஹார்மோன்தான். கூடவே குடலையும் இரைப்பையின் மேல்வாயையும் தளர்த்திவிடும். மலச்சிக்கலும் நெஞ்செரிச்சலும் அதனால்தான். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் எத்தனையோ ராத்திரி படுத்திருக்கிறேன்.

மசக்கை எனக்குக் கொடுமையாக இருந்தது. தாளிக்கிற வாசனை வந்தால் கொல்லைக்கு ஓடுவேன். வீட்டில் இரண்டு கோடு பார்க்கிறோமே, அந்த கிட் சிறுநீரில் தேடுவது எச்சிஜி என்ற ஹார்மோனை. முதல் வாரங்களில் அது இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இரட்டிப்பாகி, 8 முதல் 11 வாரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். என் வாந்தியும் சரியாக அந்த வாரங்களில்தான். 2023இல் வந்த ஓர் ஆய்வு ஜிடிஎஃப் 15 என்ற இன்னொரு ஹார்மோனையும் காட்டுகிறது. குழந்தையின் பக்கமிருந்து அது நிறைய வருகிறது. கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்து பழகியவர்களுக்குக் குமட்டல் கூடுதலாம். "ஆசையாச் சாப்பிட்டா வாந்தி வராது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஈறில் ரத்தம், மூக்கடைப்பு, கன்னத்தில் கருமை, தொப்புளுக்குக் கீழே கறுப்புக் கோடு, எல்லாம் வந்தது. பெரும்பாலும் பேறுகாலத்துக்குப் பிறகு மெல்ல மெல்லப் போய்விட்டது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஆடிப்பூரத்தில் நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனின் வளைகாப்பைப் பார்த்துவிட்டு வந்தோம். ஆவணி பிறந்ததும் எனக்கும் வளையல் அடுக்கி அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். 33ஆவது வாரம் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கத் தொடங்கியது. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை. பகலில் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரியானால் அழுகை வந்துவிடும். சூடு என்றார்கள். வேப்பிலை அரைத்துப் பூசினேன், தேங்காயெண்ணெய் தேய்த்தேன். முதலில் பார்த்த மருத்துவர், "ஹார்மோன் மாற்றம்மா, எல்லாருக்கும் வரும்" என்று சொல்லி ஒரு லோஷன் கொடுத்தார். பத்து நாள் அப்படியே போனது.

ஆச்சிதான் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாள்: "ஏட்டி, ஒங்கம்மையும் ஒன்னய உண்டாயிருக்கையில இப்படித்தான் ராத்திரி பூரா உள்ளங்காலத் தரையில தேச்சுக்கிட்டுக் கிடப்பா."

இதை இன்னொரு மருத்துவரிடம் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கல்லீரலுக்கும் பித்த அமிலத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். பித்த அமிலம் கூடியிருந்தது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் மிக அதிகமாக இருக்கும். சிலருக்கு அதனால் கல்லீரலிலிருந்து பித்தநீர் வடிவது மந்தமாகி, பித்த அமிலம் ரத்தத்தில் தேங்கிவிடும். குடும்பவழியாகவும் வரும். தாய்க்கு அரிப்புதான் தொல்லை. ஆனால் பித்த அமிலத்தின் அளவு லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது. எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. மாத்திரை கொடுத்தார்கள், குழந்தையின் துடிப்பை அடிக்கடி பார்த்தார்கள், 37ஆவது வாரத்தில் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். மூன்றாம் நாளே அரிப்பு போய்விட்டது.

முதல் மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை, காரணம் ஹார்மோன்தான். ஆனால் ஹார்மோனால் வந்தது என்பதற்காக அதைப் பார்க்காமல் விட்டுவிட முடியுமா? அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

கடையத்திலிருந்து:

அக்கா, எனக்கு வந்தது சர்க்கரை. எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. கருப்பட்டி தின்றதால் வந்தது என்று பேச்சு வாங்கினேன். நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள் தாயின் இன்சுலினை முழுசாக வேலை செய்யவிடாது, அப்போதுதான் குழந்தைக்குச் சத்து போகும், சில பேருக்கு அதை ஈடுகட்ட முடியாமல் சர்க்கரை ஏறிவிடும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மா சொன்ன பிறகுதான் மனசு ஆறியது. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தார்கள். 140 அல்லது அதற்கு மேலே இருந்தால் சர்க்கரை. முதல் தடவை எனக்குச் சரியாகத்தான் இருந்தது, 26ஆவது வாரம் பார்த்ததில்தான் தெரிந்தது. அதனால் இரண்டாவது தடவையை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டை மாற்றியதிலேயே எனக்குக் கட்டுக்குள் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் கர்ப்பிணி எல்லாருக்கும் இந்தச் சோதனை வந்ததற்குச் சென்னை மருத்துவர் சேஷையாவின் உழைப்பு பெரிய காரணம் என்று பிறகு படித்தேன். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கு என் வணக்கம்.

மேலப்பாளையத்திலிருந்து:

எனக்குப் பிள்ளை பிறந்த நாலாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் இரண்டு ஹார்மோனும் ஓரிரு நாளில் சடசடவென்று இறங்கிவிடுமாம். பலருக்கு இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். எனக்கு ஆகவில்லை. எங்கள் மாமிதான் கையைப் பிடித்து மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். இரண்டு வாரம் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

வள்ளியூரிலிருந்து:

எனக்கு 30 வாரம். வயிற்றில்தான் அரிப்பு, ரெண்டு நாளாக உள்ளங்கையிலும் லேசாக. பயப்படணுமா அக்கா?

நான்:

வயிற்றில் மட்டும் என்றால் தோல் விரிவதால்கூட இருக்கலாம். உள்ளங்கையிலும் வந்துவிட்டதால் நாளைக்குக் காலையிலேயே போய்விடுங்கள் தங்கச்சி. அரிப்பு எங்கே, எப்போது கூடுகிறது என்று சொல்லுங்கள். பித்த அமிலம் பார்க்கணுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் அம்மாவிடமும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். குழந்தை அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் காலை வரைக்கும் இருக்கவே வேண்டாம், உடனே கிளம்புங்கள். பார்த்துவிட்டு வந்து இங்கே ஒரு வரி எழுதுங்கள்.