சியோலில் டீம் லஞ்சுக்குக் கூப்பிட்டால் சைவக்காரர் என்ன செய்வது?

வந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அடுத்த வாரம் டீமில் எல்லோரும் ஒரு நவீன கொரிய உணவகத்துக்கு மதியம் போகிறார்கள், நான் சைவம், ஏதாவது சாக்கு சொல்லித் தப்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. வேண்டாம், போய் வாருங்கள். இந்த ஊரில் சேர்ந்து சாப்பிட்டால்தான் ஆட்கள் நெருங்குவார்கள், முதல் அழைப்பையே தவிர்த்தால் அடுத்த தடவை உங்களைக் கூப்பிடவே யோசிப்பார்கள்.

ஆனால் அங்கே போய் உட்கார்ந்த பிறகு சைவம் என்று சொல்லாதீர்கள். மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வந்த புதிதில் எனக்கு நடந்தது அப்படி. "கோகி" என்றால் இறைச்சி என்று கற்றுக்கொண்டு, கோகி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தேன். கருப்புச் சட்டியில் தளதளவென்று கொதித்தபடி தொயென்ஜாங் ஜிகே (புளித்த சோயா விழுதில் செய்யும் குழம்பு) வந்தது, நம் ஊர்க் குழம்பு மாதிரி கெட்டியான வாசனை, உள்ளே டோஃபு, காளான், சீமைச் சுரைக்காய். பாதிக்கு மேல் சாப்பிட்டாகிவிட்டது, அடியில் ஸ்பூனை விட்டால் முழுசாக ஒரு நெத்திலி, கண்ணோடு. அன்றைக்கு அதற்கு மேல் ஒரு வாய்கூட இறங்கவில்லை. பரிமாறியவர் மேல் தப்பே இல்லை. கோகி என்று சொன்னால் இங்கே மாடு, பன்றி, கோழிதான் மனதில் வரும். தட்டில் வரும் மீனுக்கு "செங்சொன்" என்று தனிப் பெயர். நெத்திலி போட்டுக் காய்ச்சிய தண்ணீர், அதாவது "யுக்சு", அவர்கள் கணக்கில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, வெறும் குழம்புத் தண்ணீர்.

அதனால் "நான் சைவம்" என்ற ஒரே வார்த்தையை நம்பாமல் விரித்துச் சொல்லுங்கள்: இறைச்சி, மீன், இறால், இவற்றில் காய்ச்சிய யுக்சு, மீன் சாஸ் எதுவும் ஆகாது, முட்டையும் பாலும் பரவாயில்லை (உங்களுக்குப் பரவாயில்லை என்றால்). இதைக் கொரிய மொழியில் எழுதிக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், பாப்பகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலியே போதும். கிம்ச்சி வெறும் முட்டைக்கோஸ் என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் உப்பில் ஊறிய குட்டி இறாலோ மீன் சாஸோ சேர்ந்திருக்கும். பிபிம்பாப்பில் (காய்கறி போட்டுக் கலந்து சாப்பிடும் சோறு) மேலே இருக்கும் மாட்டிறைச்சியை எடுத்துவிடச் சொன்னாலும், கூட வரும் கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுதைச் சில இடங்களில் கொத்துக்கறி போட்டு வதக்கியிருப்பார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நவீன உணவகம் என்பது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம்தான். கோர்ஸ் கோர்ஸாகப் பரிமாறும் இடங்களில் யார் யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துதான் சமைப்பார்கள், இரண்டு மூன்று நாள் முன்னால் சொன்னால் பல இடங்களில் மாற்றித் தருவார்கள், முடியாது என்றாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். தவிர, கொரியச் சமையலின் உயிரே சோயாவைப் புளிக்க வைத்து எடுக்கும் "ஜாங்" வகைகள். வேகவைத்த சோயாவை இடித்துக் கட்டியாக்கி, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, அப்புறம் ஜாடியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள்: வடியும் நீர் கான்ஜாங், தங்குவது தொயென்ஜாங். இந்தப் பழக்கத்தை 2024இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சமையல்காரர் காங் மின்-கூ 2014இல் சியோலில் தொடங்கிய மிங்கிள்ஸ் என்ற நவீன உணவகத்தில் தொயென்ஜாங்கையும் கான்ஜாங்கையும் கொச்சுஜாங்கையும் இனிப்பிலேயே சேர்க்கிறார்கள்.

டீமில் இடத்தை உங்களிடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கோயில் உணவு என்று சொல்லுங்கள். ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே பல்வு கொங்யாங் என்ற உணவகம் இருக்கிறது, புத்த மடத்துச் சமையல், மீன் தண்ணீர் பயமே இல்லை. பூண்டு, வெங்காயம் மாதிரி ஐந்து பொருள்களை அவர்கள் சேர்ப்பதில்லை, அந்த ஐந்தில் ஒன்று நம் பெருங்காயம் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மற்றதெல்லாம் ஒரு தடவை பார்த்தால் வந்துவிடும். வயதில் பெரியவர் ஸ்பூனை எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்க வேண்டாம், மேசையிலேயே இருக்கட்டும், சோறும் சூப்பும் ஸ்பூனில், தொட்டுக்கொள்வது சாப்ஸ்டிக்கில். இங்கே சாப்ஸ்டிக் உலோகம், தட்டையாக வழுக்கும், முளைகட்டிய சோயாவை எடுத்துப் பழகுங்கள், சீக்கிரம் கை வந்துவிடும். இலையில் சுற்றிச் சாப்பிடுவது வந்தால் கையாலேயே எடுத்து ஒரே வாயில் போட வேண்டும், கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் எல்லாம் சிந்தும். டிப்ஸ் கிடையாது.

சொந்தக் காசில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாலும் மதியமே போங்கள், இரவு கோர்ஸைவிட நன்றாகவே விலை குறையும். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் மொத்தமும் இறங்கும், மூன்று மணிவாக்கில் பல இடங்களில் இடைவேளை என்று அடைத்துவிட்டு ஐந்துக்குத்தான் திறப்பார்கள், அதனால் ஒரு மணி தாண்டிப் போனால் சாவகாசமாகச் சாப்பிடலாம்.

எந்த உணவகம், யார் பதிவு செய்கிறார்கள் என்று இன்றைக்கே டீமில் கேட்டுச் சொல்லுங்கள் தம்பி. அவருக்கு அனுப்ப வேண்டியதைக் கொரிய மொழியில் நானே எழுதித் தருகிறேன்.