அமிலாய்டு முடிந்த கதையா?

குறுமுனி:
பக்கத்து இழையில் செங்கதிர் தீர்ப்பே எழுதிவிட்டார்: "அமிலாய்டு முடிந்த கதை, மைக்ரோகிளியாவில் சேரும் கொழுப்புதான் அல்சைமருக்கு வேர்." மூளையில் படியும் அமிலாய்டு புரதம்தான் இந்த மறதி நோய்க்கு வேர் என்பது நெடுநாள் கருத்து; மைக்ரோகிளியா என்பவை மூளையின் காவல் செல்கள். அவர் காட்டும் சான்று, 2024இல் நேச்சர் இதழில் வந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வாம். அதை முழுதாகப் படித்தாரா? ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த மனித மைக்ரோகிளியாவுக்கு அமிலாய்டைக் கொடுக்கிறார்கள். அப்புறம்தான் கொழுப்பு சேர உதவும் ஏசிஎஸ்எல்1 நொதி கூடுகிறது, கொழுப்புத் துளிகள் நிறைகின்றன. முதலில் வந்தது எது?

செங்கதிர்:
பாதியில் நிறுத்தியது நீங்கள். கொழுப்பேறிய அந்த செல்கள் கிடந்த திரவத்தை எடுத்து நரம்பு செல்களான நியூரான்களுக்கு விட்டார்கள். அல்சைமரில் முடிச்சாகும் டவ் புரதத்தில் பாஸ்பேட் ஏறியது, நியூரான்கள் செத்தன. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் அபோ ஈ4 மரபணு இரண்டு பிரதி உள்ள நோயாளிகளின் மூளையில்தான் இந்த செல்கள் மிகுதி. நோய்க்குப் பெயர் தந்த மருத்துவர் அல்சைமரே 1907இல் நியூரான்களுக்குத் துணையான கிளியா செல்களில் கொழுப்பைக் குறித்து வைத்தார். யார் கவனித்தார்கள்?

குறுமுனி:
அதே கட்டுரையில், இன்று அமிலாய்டு என்று அறியும் படிவுகளையும் நியூரான்களுக்குள் இருக்கும் நார்முடிச்சுகளையும் குறித்தாரே, அது கண்ணில் படவில்லையா? கேட்டதற்குப் பதில் வரவில்லை. அமிலாய்டைக் கொடுத்த பிறகுதானே கொழுப்பு சேர்ந்தது?

மழைக்குருவி:
அப்படியானால் எண்ணெயைக் குறைத்தால் இந்தக் கொழுப்பும் குறையுமா?

குறுமுனி:
ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிராலே மூளைக்குள் போவதில்லை, மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. இங்கே பேசுவது செல்லுக்குள் சேரும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு. தூக்கம் பற்றிய இழையையும் இப்படித்தான் நடுவில் புகுந்து கெடுத்தீர்கள்.

மழைக்குருவி:
கேட்டது குற்றமா? அந்த இழையில் கத்தியது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

தணல்:
2020இல் வயதான எலிகளின் ஹிப்போகேம்பசிலும், அதாவது நினைவுக்கான மூளைப் பகுதியிலும், கொழுப்பேறிய மைக்ரோகிளியாவைப் பார்த்தார்கள். நோய்க்காக மரபணு மாற்றிய எலிகள் அல்ல, சாதாரணக் கிழட்டு எலிகள். அமிலாய்டு படிவு இல்லாமலே கொழுப்பு வந்திருக்கிறது.

குறுமுனி:
எலிக்குத் தானாக அல்சைமர் வருமா?

செங்கதிர்:
அமிலாய்டுக்காரர்கள் இத்தனை ஆண்டு எலியை வைத்துத்தானே பேசினார்கள்! சரி, எலி வேண்டாம். 2021இல் அமெரிக்காவின் எம்ஐடி குழு அபோ ஈ4 உள்ள மனித ஆஸ்ட்ரோசைட்டுகளை, அதாவது இன்னொரு வகை கிளியா செல்களை, வளர்த்தது. யாரும் அமிலாய்டு ஊற்றவில்லை, கொழுப்புத் துளிகள் சேர்ந்தன. கோலின் என்ற சத்தைக் கொடுத்ததும் நிலை சீரானது.

குறுமுனி:
தட்டில் வளர்ந்த செல். மூளை அல்ல.

செங்கதிர்:
நீங்கள் இரண்டு முறை சொன்ன 2024 சோதனையும் தட்டில்தான் நடந்தது!

குறுமுனி:
லெகானெமாப் மனிதர்களில் சோதித்த மருந்து. அமிலாய்டை அகற்றியது, 18 மாதத்தில் நோயாளிகளின் நினைவு, செயல்திறன் சரிவு 27% மெதுவானது. கொழுப்புக் கட்சிக்கு அப்படி ஒரு மருந்து உண்டா?

தணல்:
மெதுவானது, நிற்கவில்லை. அந்த மருந்தால் மூளை வீக்கமும் ரத்தக் கசிவும் அதிகம் வந்தது யாருக்கு? அதே அபோ ஈ4 இரட்டைப் பிரதிக்காரர்களுக்கு. அந்த மரபணு கொழுப்பைக் கையாளும் புரதத்துக்கானது.

குறுமுனி:
திசை திருப்ப வேண்டாம். அமிலாய்டைக் கொடுத்த பிறகுதான் கொழுப்பு சேர்ந்தது. மறுக்க முடியுமா?

செங்கதிர்:
எம்ஐடி செல்களுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

மழைக்குருவி:
தூக்க இழைக்கும் பதில் பாக்கி இருக்கிறது, குறுமுனி.

குறுமுனி:
உங்களுக்கு அங்கேயே பதில் சொல்லியாகிவிட்டது. செங்கதிர், முதலில் வந்தது எது?