செயற்கைக் கை பொருத்தும் முன் கணினித்திரையில் பயிற்சி பெறுவது பயன் தருமா?

திருவொற்றியூர் தமக்கை கேட்கிறார்:

மணலிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் பிரஸ் இயந்திரத்தில் சிக்கியதால், என் தம்பியின் வலது கை முழங்கைக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. காயம் ஆறிவிட்டது, ஆனால் வீக்கம் முழுவதும் வற்றிய பிறகே, எஞ்சிய கைமேல் மாட்டும் கூடான சாக்கெட்டுக்கு அளவெடுக்க முடியும் என்கிறார்கள். தசையின் மின்சமிக்ஞையால் இயங்கும் கையை வாங்க எண்ணியுள்ளோம். அதுவரை, முன்கையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு திரையில் தெரியும் கையை அசைத்துப் பழகலாம் என்று ஒரு விற்பனையாளர் சொல்லி, அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கிறார். இது உண்மையிலேயே உதவுமா, அல்லது வெறும் விளையாட்டா? இல்லாத விரல்கள் இறுகி வலிப்பதாகச் சொல்லி அவன் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். அந்த வலியும் இதனால் குறையும் என்கிறார்கள்.

இராயபுரம் தெரபிஸ்ட்:

வணக்கம் சகோதரி. மணிக்கட்டை உள்ளே மடக்கும் தசைகளும் வெளியே நிமிர்த்தும் தசைகளும் உங்கள் தம்பியின் முன்கையில் பெரும்பாலும் எஞ்சியிருக்கும். இல்லாத மணிக்கட்டை அவர் உள்ளே மடக்க முயன்றால் ஒரு தசைத்தொகுதி சுருங்கும். அப்போது தோலின்மேல் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தை, தோலைத் தொட்டிருக்கும் எலக்ட்ரோடு எனும் உணர்முனை உணர, செயற்கைக் கை மூடிக்கொள்ளும். வெளியே நிமிர்த்த முயன்றால் திறக்கும். இரண்டையும் தனித்தனியே சுருக்குவதும், தேவையான அளவுக்கு மட்டும் சுருக்குவதும், பல கைகளில் அடுத்த அசைவுக்கு மாறுவதற்காக இரண்டையும் ஒருசேரச் சுருக்குவதும் பழகினால்தான் வரும். நெடுநாள் வேலையின்றிக் கிடந்த தசை எடுத்த எடுப்பில் இதற்கு இணங்காது. கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சுருக்கத்தைத் திரை அந்த நொடியிலேயே காட்டிவிடுவதால், சாக்கெட்டுக்காகக் காத்திருக்கும் காலம் வீணாவதில்லை. சமிக்ஞை எந்த இடத்தில் தெளிவாகக் கிடைக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஆனால் இப்படித் திரையில் ஆடும் எல்லா விளையாட்டும் ஒன்றல்ல. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வுகளைப் பார்த்தால், விளையாட்டில் தேறியவர்கள் எல்லோரும் செயற்கைக் கையைக் கையாள்வதிலும் தேறிவிடவில்லை என்பது தெரியும். பொருளுக்கேற்பப் பிடியைத் திறந்து மூட வேண்டியிருந்த விளையாட்டே கைக்கும் பயன்பட்டது. ஆகவே, பந்தைத் தட்டிப் புள்ளி சேர்க்கும் பயிற்சிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

காசிமேடு கணக்கர்:

இடது கையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக இத்தகைய கையை அணிந்து வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். திரையில் தெரியும் கைக்கு எடையில்லை. மோட்டார் உள்ள கைப்பகுதி மட்டுமே ஏறத்தாழ அரை கிலோ இருக்கும். சாக்கெட்டும் பேட்டரியும் சேர்ந்து அது முன்கையில் தொங்கும்போது, அந்தப் பாரத்தைத் தாங்குவதற்காகவே தசை சுருங்கிவிடுவதால், நாம் கேட்காமலே பிடி திறப்பதும் மூடுவதும் உண்டு. மேசைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பழகிய சமிக்ஞை, பரண்மேல் உள்ள பாத்திரத்தை எட்டும்போது வேறாகிவிடுகிறது. போதாக்குறைக்கு நம் கடலோரப் புழுக்கம்: வியர்வையில் சாக்கெட் வழுக்கினால் எலக்ட்ரோடு இடம் மாறிவிடும். குளிரூட்டிய அறையில் நடக்கும் செயல்விளக்கத்தை நான் அதிகம் நம்புவதில்லை.

பொருளைத் தொட்ட உணர்வு இல்லாததால், காகித டம்ளரை நசுக்காமல் பிடிக்கக் கண்ணும் மோட்டாரின் ஒலியும்தான் துணை. இதையெல்லாம் உண்மையான கையை மாட்டிய பிறகே கற்க முடியும். மற்றொன்று, ஐஸும் மீன்தண்ணீரும் தெறிக்கும் இடத்தில் நான் மின்கையை அணிவதில்லை. தோளில் வார் கட்டிக் கம்பிவடத்தால் இழுக்கும் கொக்கியே அங்கு எனக்குச் சௌகரியம். உங்கள் தம்பி மீண்டும் எண்ணெயும் இரும்புத்தூளும் உள்ள வேலைக்குத்தான் போவார் என்றால், எந்தக் கை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பயிற்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை பிசியோ:

வலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி, இல்லாத கையும் சேர்ந்து அசைவதாக உணரச் செய்யும் முறையை 1990களில் அறிமுகப்படுத்தியவர் நரம்பியல் ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், அவர் மருத்துவம் படித்தது நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில்தான். அதன் அடுத்த படியாக, தசைச் சமிக்ஞையைக் கொண்டு திரையிலுள்ள கையை அசைக்கவைத்த ஆய்வொன்று 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. வேறு சிகிச்சைகளுக்கு அடங்காத நாள்பட்ட வலியுடைய 14 பேரிடம் 12 அமர்வுகள் நடத்தியதில், வலி, அதை அளந்த முறையைப் பொறுத்து, சராசரியாக மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால், இதைக் கொண்டு உறுதிமொழி தருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணாடி முறையை வீட்டிலேயே செலவின்றித் தொடங்கலாம்; ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு தொடங்குவது நல்லது.

திருவொற்றியூர் தமக்கை:

மூவருக்கும் நன்றி. பணம் கட்டும் முன் விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும்?

இராயபுரம் தெரபிஸ்ட்:

கையைத் தொங்கவிட்டும், நீட்டியும், தலைக்கு மேல் தூக்கியும், முன்கையில் சிறு எடை கட்டியும் பயிற்சி தருவார்களா என்று கேளுங்கள். பயிற்சியில் பதிவாகும் எலக்ட்ரோடு இடங்களைக் குறித்துக் கொடுப்பார்களா என்றும், சாக்கெட் செய்பவர் வேறொருவராக இருந்தாலும் தருவார்களா என்றும் கேளுங்கள். கை பொருத்திய பிறகு எத்தனை அமர்வுகள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2007இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மின்கை பெற்ற பெரியவர்களில் சராசரியாக 23 விழுக்காட்டினர் அதைக் கைவிட்டதாகக் காட்டுகிறது. பிந்தைய பயிற்சியை நான் வற்புறுத்துவது அதனால்தான். எதற்கும் கையெழுத்திடும் முன், கலைஞர் கருணாநிதி நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் தம்பியைக் காட்டிவிடுங்கள். செயற்கை உறுப்புப் பிரிவு அங்கே உண்டு.